ஏரிக்கரையில் யூனிஃபார்மோடு நின்றவன்

வேனில் இருந்தது நான்கு பேர். ஓட்டியது நான். பக்கத்தில் சேகர், என்னைப்போலவே கம்பெனி பஸ் ஓட்டுகிறவன், வேன் அவன் அண்ணனுடையது. எங்களுக்குப் பின்னால் என் மனைவி செல்வி. கடைசி சீட்டில் செல்வியின் தம்பி தினேஷ். அது பதினாலு பேர் உட்காருகிற வேன், மீதி சீட்டெல்லாம் காலி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர்கள் எல்லாரும் நடுவில் வேறு யாராவது ஏறினார்களா என்றுதான் கேட்கிறார்கள். யாரும் ஏறவில்லை.

பேய், காத்து, கருப்பு எதையும் நான் நம்பினவன் இல்லை. ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் பல வருஷமாக ஷிப்ட் பஸ் ஓட்டுகிறேன். சுடுகாட்டு ஓரம் பஸ்ஸை நிறுத்திவிட்டுத் தூங்கியிருக்கிறேன். கொசு கடித்தது, வேறு எதுவும் வந்ததில்லை. எட்டாவதோடு படிப்பு நின்றது. கதை கட்டத் தெரியாது. நடந்ததை எழுதுகிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

தினேஷ் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் தகடு வெட்டுகிற பிரஸ் மிஷின் ஓட்டினான். கான்ட்ராக்ட் வேலை. அவனுக்குப் பக்கத்து மிஷினில் நின்ற பையனுக்கு ஒருநாள் கை போய்விட்டது. தினேஷ்தான் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியவன். அதற்குப் பிறகு இவனுக்குத் தூக்கம் இல்லை. சோற்றைப் பிசைந்தால் பிசைந்துகொண்டே இருப்பான். கொஞ்ச நாள் லீவு கொடுத்தார்கள். அந்தத் திங்கட்கிழமை மறுபடி மிஷினுக்குப் போக வேண்டும், முதல் ஷிப்ட். பர்மனென்ட் ஆக்குவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, போவேன் என்றான். செல்விக்கு அப்பா அம்மா இல்லை, இவன் ஒருத்தன்தான். திங்கட்கிழமைக்கு முன்னால் வேலைக்குப் போகவில்லை என்று அவன் வாயால் சொல்ல வைத்துவிட வேண்டும் என்று இருந்தாள். அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கிளம்பினது.

பெரிய டூர் இல்லை. ஹைவேயை விட்டு உள்ளே இறங்கினால் ஏரிக்கரை ரோடுகள் இருக்கின்றன. கம்பெனி காம்பவுண்டு முடிகிற இடத்தில் வயல் ஆரம்பிக்கும், வயல் முடிகிற இடத்தில் இன்னொரு காம்பவுண்டு ஆரம்பிக்கும், நடுவில் ஏரி, கொக்கு, காற்று. அப்படியே சேரப்பணஞ்சேரி பக்கம் வரை போய்விட்டுத் திரும்புவதாகப் பேச்சு.

"டெய்லி சுத்தற ஊரையே லீவு நாள்லயும் சுத்திகினு கீறோம். இதுக்குப் பேரு டூரு," என்றான் சேகர்.

"நீ வாய மூடிகினு வாண்ணா. வண்டி இன்னா உன்னுதா?" என்றாள் செல்வி.

"எங்கண்ணனுது."

"அப்ப உங்கண்ணன் பேசட்டும்."

மத்தியானம் ஒரு ஏரிக்கரையில் நிழல் பார்த்து உட்கார்ந்தோம். எலுமிச்சம்பழ சாதம், உருளைக்கிழங்கு, அவித்த முட்டை. செல்வி தட்டைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தாள்.

"இன்னாடா முடிவு பண்ண?"

"பாக்கலாம்க்கா."

"பாக்கறதுக்கு இன்னா கீது. மாமா பஸ்ல கிளீனரா ஏறிக்கோ. மாமா பேசிட்டாரு. கை காலு முழுசா இருந்தா எங்கியும் பொழச்சிக்கலாம்."

தினேஷ் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். பிறகு, "சரிக்கா. போவல," என்றான்.

செல்வி இன்னொரு முட்டையை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

"நானும் நாளைக்கு வேலைய வுட்டுடறேம்மா. எனக்கும் ஒரு முட்ட போடு," என்றான் சேகர். தினேஷ் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அதோடு சரி.

திரும்பும்போது நல்ல வெயில். செல்வி கண் அசந்திருந்தாள். தினேஷ் கண்ணாடியில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான், பல நாள் தூக்கம். சேகர் போனைப் பார்த்துக்கொண்டு வந்தான். ரோடு நேராக இருந்தது. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கேட்டே இல்லாத நீளமான காம்பவுண்டு சுவர்.

கம்பெனி பஸ் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ரோட்டோரம் யூனிஃபார்மில் ஆள் நின்றால் கால் தானாக பிரேக்குக்குப் போகும், கை கதவு லிவருக்குப் போகும். ஆளை விட்டுவிட்டுப் போனால் அவனுக்கு அன்றைக்குச் சம்பளம் போகும், நமக்குத் திட்டு விழும். முகத்தை யாரும் பார்ப்பதில்லை, சட்டையைத்தான் பார்ப்போம். அன்றைக்கு ஏரிப்பக்கம் நீலச் சட்டை, கழுத்தில் டேக், தலையில் தொப்பி, ஒருத்தன் கை காட்டிக்கொண்டு நின்றான். நான் லீவில் இருக்கிறேன், இது கம்பெனி வண்டி இல்லை, வண்டியில் குடும்பம் இருக்கிறது, எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. நிறுத்திக் கதவைத் திறந்தேன்.

"ஏறு, ஏறு. நேரமாச்சு," என்றேன்.

அவன் படியில் கால் வைக்கவில்லை. தொப்பியின் நிழல் முகத்தில் விழுந்திருந்தது. உள்ளே கடைசி சீட்டு வரை பார்த்தான்.

"ஒருத்தர் எறங்கட்டும்ணா. அப்பறம் ஏறிக்கறேன்," என்றான்.

எனக்குத் தெரிந்த குரல். யார் என்றுதான் பிடிபடவில்லை. இவ்வளவு சீட்டு காலியாக இருக்கும்போது எதற்கு ஒருத்தர் இறங்க வேண்டும் என்று தலைக்கு மேல் இருந்த கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். செல்வி, தினேஷ், இரண்டு பேரும் தூக்கத்தில். திரும்பவும் கதவைப் பார்த்தால் அங்கே ஆள் இல்லை.

சேகர் போனிலிருந்து தலையைத் தூக்கினான். "யார்ரா அவன்?"

"தெரியல."

"ஞாயித்துக்கெழம கூட ஆள் ஏத்தற பாரு. எடு வண்டிய."

சேகரும் அவனைப் பார்த்திருக்கிறான். சட்டையைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறான். வெயிலில் எனக்கு மட்டும் ஏதோ தோன்றியது என்றால் விட்டுவிட்டிருப்பேன். கரை இறங்கிப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

கொஞ்ச தூரம் போயிருப்போம். பின்னாலிருந்து, "மாமா, நாளைக்கு நான் வேலைக்குப் போறேன்," என்று தினேஷ் சொன்னான்.

அப்போதுதான் பிடிபட்டது. கதவில் கேட்ட குரல் இதுதான். வண்டி கொஞ்சம் ஆடியது, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

செல்வி எழுந்துவிட்டாள். "இப்பதானடா போவலன்னு சொன்ன."

"போவணும்க்கா. ஆளு நின்னுகினு கீது. நான் போனாதான் அது உள்ள வர முடியும்."

ஷிப்ட் மாற்றிவிடும் ஆளைச் சொல்கிறான் என்று செல்வி நினைத்துக்கொண்டாள். அழுதாள், திட்டினாள், தலையில் அடித்துக்கொண்டாள். அவன் அதே பதிலைத்தான் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் டைம் சொல்வதுபோலச் சொன்னான். வீட்டுக்கு வந்து நான் பார்த்ததைச் செல்வியிடம் சொன்னேன். "அவனே இப்படிக் கீறான், நீ வேற ஏன்யா," என்று எழுந்து போய்விட்டாள்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்னால் தினேஷ் குளித்து, யூனிஃபார்ம் போட்டு, எங்கள் தெரு முனையில் அவன் கம்பெனி பஸ் ஏறினான். செல்வி பஸ் வரை போனாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை என்றாள்.

கம்பெனிக்கு அவன் போய்ச் சேரவில்லை.

அந்த பஸ் டிரைவர் எனக்குத் தெரிந்தவர்தான். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஏரிக்கரைல நிறுத்துங்கன்னாம்பா. அங்க ஏதுடா ஸ்டாப்புன்னேன். ஒருத்தர் ஏறணும்ணா, நான் எறங்கிக்கறேன்னான். எறங்குனான். யாரும் ஏறல. நேரமாச்சு, நான் எடுத்துட்டேன்."

அவன் இறங்கினது நான் வேனை நிறுத்தின அதே இடம். போலீசில் எழுதிக் கொடுத்தோம். லவ் மேட்டரா என்று கேட்டார்கள். எங்கேயாவது போயிருப்பான், வருவான் என்றார்கள். ஏரியில் முழங்கால் தண்ணீர்தான் இருந்தது. இறங்கித் தேடினோம், சேகரும் நானும் ஊர்க்காரர்களும். செருப்புகூட இல்லை. போன் அன்றைக்கு அணைந்ததுதான். செல்வி முதலில் எல்லாரிடமும் விசாரித்துக்கொண்டிருந்தாள். இப்போது விசாரிப்பதில்லை. நானும் வருவான் என்று சொல்வதை விட்டுவிட்டேன். எங்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

மெயின் ரோட்டில் பாலம் வேலை நடப்பதால் எங்கள் பஸ்ஸை இப்போது அந்த ஏரிக்கரை வழியாக விட்டிருக்கிறார்கள். நான் அந்த இடத்தில் தலையைத் திருப்ப மாட்டேன். ரோட்டை மட்டும் பார்த்து, வேகத்தைக் குறைக்காமல் போய்விடுவேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் அங்கே ஒருநாளும் நிறுத்தினதில்லை.

போன வாரம் டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் கூப்பிட்டார். பஸ் எங்கே நிற்கிறது, கதவு எப்போது திறக்கிறது என்பதெல்லாம் அவர் போனில் வந்துவிடும்.

"ஏரிக்கரைல நமக்கு ஆளே இல்லியே. எதுக்குய்யா அங்க நிறுத்திக் கதவ தெறக்கற?"

"நிறுத்தறதில்ல சார்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். வாசலில் எங்கள் பஸ்ஸில் முன் சீட்டில் வருகிற பெண் நின்றுகொண்டிருந்தது. அதைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நிக்குது சார். அண்ணந்தான் கதவ தெறப்பாரு. யாரும் ஏற மாட்டாங்க. நாங்களும் ஏன்னு கேட்டதில்ல," என்றது அந்தப் பெண். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

சூப்பர்வைசர் விரலால் போனைத் தள்ளித் தள்ளி எண்ணினார். போன மாசம் நான் வேலைக்கு வந்தது இருபத்தாறு நாள். அந்த மாசம் மட்டும் எத்தனை தடவை என்று கேட்டேன்.

இருபத்தாறு.