உலகம் அழியாத மறுநாள்

அக்கா அந்தச் சோப்பை நூலால் அறுத்தாள். முழங்கை நீளத்துக்கு இருக்கும் துணிச் சோப்பு அது. கடையில் பாதி கேட்டால் கத்தியால் வெட்டிக் கொடுப்பார்கள், ஓரமெல்லாம் உதிர்ந்துபோகும். அக்கா முழுதாகவே வாங்கி வந்திருந்தாள். மில் நூலை மூன்று புரியாக முறுக்கி, ஒரு முனையை என் கையில் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு இழுத்தாள். சத்தமே இல்லாமல் சோப்பு அறுபட்டது. துண்டுகளைத் துவைகல்லின் மேல் இடைவெளி விட்டு வரிசையாக அடுக்கி வெயிலில் காயவைத்தாள். காய்ந்த சோப்பு சீக்கிரம் கரையாதாம். அன்றைக்குச் சாயங்காலம் உலகம் அழிவதாக இருந்தது.

அக்கா என்றால் என் பெரியம்மாவின் மகள். சித்தையன்கோட்டையில் எங்கள் வீட்டுக்கும் பெரியம்மா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். பெரியப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். பெரியம்மா தோட்டங்களில் களையெடுத்தும் பூப்பறித்தும் அக்காவைப் பன்னிரண்டாம் வகுப்புவரை படிக்கவைத்தார். அக்காவுக்கு நர்ஸ் படிப்புப் படிக்க ஆசை. அதற்கு வழியில்லாததால் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் சேர்ந்தாள். மூன்று வருடம் விடாமல் வேலை பார்த்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருவார்கள் என்று சொல்லித்தான் எங்கள் பக்கத்துப் பெண்களை எடுத்தார்கள். மற்றவர்களுக்கு அது கல்யாணப் பணம். அக்காவுக்கு அது நர்ஸ் படிப்பு. நான் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த அந்த வருடம், அவளுடைய மூன்றாவது வருடமும் முடியும் தறுவாயில் இருந்தது.

திருவிழாவுக்கு விடுதியிலிருந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் தலையில் ஒட்டிய பஞ்சோடுதான் வருவாள். அந்தி நேரத்தில் கரண்ட் போனதும் இரண்டு பேரும் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவோம். முதல் நட்சத்திரம் தெரிந்ததுமே அக்கா ஆரம்பித்துவிடுவாள். அங்கே யாராவது இருப்பார்களா, இருந்தால் என்ன சாப்பிடுவார்கள், அவர்களுக்கும் அம்மா அப்பா உண்டா என்று கேட்டுக்கொண்டே போவாள். என் அறிவியல் புத்தகத்தில் படித்ததை நான் சொல்லுவேன். காற்று வேண்டும், தண்ணீர் வேண்டும், சூடு அளவாக இருக்க வேண்டும் என்பேன். பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். ஒருநாள், "அங்கயும் மில்லு இருக்குமாடி?" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். "இருந்தா மூணு கை உள்ளவளாப் பாத்துத்தான் எடுப்பாக. நூலு அறுந்தா ஓடி ஓடி ஒட்ட ரெண்டு கை பத்தலடி" என்றாள். இன்றுவரை வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றி எத்தனையோ கேட்டிருக்கிறேன். இதைவிட அக்கறையான பேச்சை யாரும் பேசியதில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஊர் ஊராக ஒரு ஜீப் வந்தது. மேலே கூம்பு ஒலிபெருக்கி, உள்ளே வெள்ளைச் சட்டையில் ஒரு பேச்சாளர். கிரகங்களெல்லாம் ஒரே கோட்டில் வரப்போகின்றன, கடல் பொங்கி மலையடிவாரம்வரை வரும், வட்டத் தட்டுகளில் வேற்றுக்கிரகத்தார் இறங்கித் தகுதியானவர்களை மட்டும் ஏற்றிச் செல்வார்கள் என்றார். எல்லா மதத்து நூல்களிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். நடுநடுவே விஞ்ஞானிகள் என்ற சொல்லைப் போட்டுக்கொண்டார். நாளையும் கிழமையையும் சொன்னார். கடைசியில் சின்னப் புத்தகம் விற்றார். உலகமே அழியப்போகிறதென்றால் புத்தகம் விற்ற காசை வைத்து என்ன செய்வாய் என்று அவரைக் கேட்க எங்கள் ஊரில் ஒரு வாய்கூட இல்லை. என் அப்பாவும் அந்தக் கூட்டத்தில் நின்று கேட்டுவிட்டு, புத்தகத்தோடு வந்தார்.

பேச்சு மில் விடுதிக்கும் போய்ச் சேர்ந்தது. பெண்கள் வீட்டுக்குப் போக லீவு கேட்டிருக்கிறார்கள். யாருக்கும் இல்லை என்று வார்டன் அம்மா சொல்லிவிட்டார். அக்காவும் இன்னும் சில பெண்களும் முந்தின நாள் காலை ஷிஃப்டு முடிந்ததும், வெளியே கடைக்குப் போகும் கூட்டத்தோடு சேர்ந்து வந்து பஸ் ஏறிவிட்டார்கள். முந்தைய பொங்கலுக்கு வீட்டில் கூடுதலாகத் தங்கிவிட்ட ஒருத்திக்குக் கூலியைப் பிடித்ததோடு விட்டிருந்தார்கள். அதுதான் அவர்களுக்குத் தெரிந்த தண்டனை.

சோப்பு அறுக்கும்போது நான் கேட்டேன், உலகம் அழியப்போகுதென்று வந்துவிட்டு எதற்கக்கா முழுச் சோப்பு என்று.

"அழியலேன்னா நாளைக்கு அழுக்குத் துணிய என்னடி செய்றது?"

அப்படியானால் எதற்கு வந்தாய் என்றேன். நூலை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"பொய்யின்னா ஒரு நா கூலி போகும். நெசம்னா அம்மா தனியாக் கெடக்கும்ல. அம்புட்டுத்தான்."

நான் பட்டம் வாங்கி, ஆசிரியப் பயிற்சியும் முடித்தவள். இந்த இரண்டு வரியில் தப்பு எங்கே இருக்கிறது என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு ஊரே வீட்டில் இருந்தது. அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அப்பா, வயிற்றுப்போக்கு என்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் படுத்திருந்தார். அவருடைய அலுவலகத்தில் பாதிப் பேருக்கு அன்று வயிறு சரியில்லை. கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்டிருந்த கிடாயை, சாமிக்கும் நாளைக்கு வேலையிருக்காது என்று சொல்லி எதிர்வீட்டுக்காரர்கள் அறுத்துவிட்டார்கள். எங்களுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. வயிற்றுப்போக்குக்காரர் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலம் எல்லோரும் தெருவில் கூடி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். காற்று கொஞ்சம் வேகமாக வீசியது. தென்னை மரத்திலிருந்து ஒரு நெற்று தகரக் கொட்டகை மேல் விழ, பெரிய மனிதர்களெல்லாம் அலறிக்கொண்டு ஓடினார்கள். பெரியம்மாவும் அக்காவும் மட்டும் வாசற்படியில் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். இருட்டியது. ஒருவர் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அதோடு கூட்டம் கலைந்தது.

மறுநாள் விடிந்ததும் அக்கா துணியெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டு மில்லுக்குக் கிளம்பினாள். மத்தியானமே திரும்பிவிட்டாள், கையில் தகரப் பெட்டியோடு. கேட்டைத் திறக்கவே இல்லையாம். பெட்டியை மட்டும் வாட்ச்மேன் வெளியே கொண்டுவந்து வைத்திருக்கிறார். அவளோடு வந்த பெண்கள் எல்லோருக்கும் அதே கதிதான். முடிவில் தருவதாகச் சொன்ன தொகையும் கிடையாதாம். விடாமல் மூன்று வருடம் என்பதில் விடாமல் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தமென்று அன்றைக்குத்தான் அவர்களுக்குச் சொன்னார்கள். வார்டன் அம்மா கேட் கம்பி வழியாக, "அதான் ஒலகம் அழியலையே, நீ எதுக்குப் போன?" என்று கேட்டிருக்கிறார். சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

கிடாய் அறுத்துத் தின்றவர்களுக்கு ஒன்றுமில்லை. சாமியிடம் தப்புச் சொல்லி அடுத்த வருடம் வேறு கிடாய் விட்டார்கள். அலுவலகக்காரர்களுக்கும் ஒன்றுமில்லை. கணக்கில் விடுப்பு இருந்தது, எடுத்துக்கொண்டார்கள். உலகம் அழியும் என்று நம்பியதற்காக எங்கள் ஊரில் தண்டனை பெற்றவள், அதை முழுதாக நம்பாத ஒருத்தி மட்டும்தான். அதோடாவது விட்டார்களா? "உலகம்" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் அவள் குடம் வைத்தால், "ஏலே, ஒலகம் வருது, வழிய விடுங்க" என்பார்கள். ஜீப்பில் வந்தவருக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. என் அப்பா எல்லார் முன்னாலும் வைத்து, "படிச்ச புள்ள இதையெல்லாம் நம்பலாமா தாயி?" என்று அக்காவுக்குப் புத்தி சொன்னார். அவர் வாங்கிய சின்னப் புத்தகம் அப்போதும் அலமாரியில்தான் இருந்தது.

அந்தப் பேச்சாளர் திரும்பவும் வந்தார். ஜீப் அதேதான், ஒலிபெருக்கி மட்டும் புதிது. கணக்கில் சின்னப் பிழை நேர்ந்துவிட்டது என்று சொல்லி வேறொரு நாள் குறித்தார். போன நாளைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள்.

அக்காவுக்கு நாகல் நகரில் மாப்பிள்ளை பார்த்தார்கள். சில வருடம் கழித்து நானும் அதே பகுதியில் வாழ்க்கைப்பட்டு வந்தேன். இப்போது எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவில் இரண்டே தெரு. அக்கா ஒரு தனியார் மருத்துவமனையில் ஆயாவாக வேலை பார்க்கிறாள். நர்சுகள் ஊசி போட்டுவிட்டு நகர்ந்தபின் தரையைத் துடைப்பது அவள் வேலை. பெரியம்மா இறந்தது எந்த ஜோசியரும் குறித்துக் கொடுக்காத ஒரு செவ்வாய்க்கிழமையில். அக்கா அப்போது டூட்டியில் இருந்தாள்.

இதையெல்லாம் இப்போது எழுதவைத்தவள் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள். ஜீப்புக்குப் பதில் கேபிள் டி.வி. வந்துவிட்டது, அவ்வளவுதான். வேற்றுக்கிரகவாசிகள் இறங்குகிறார்கள், பூமி வெடிக்கிறது, முரசு முழங்குகிறது. இடைவேளையில் குழந்தை உயரமாக வளர்வதற்கென்று ஒரு பானத்துக்கு விளம்பரம். அழியப்போகிற உலகத்தில் உயரமாக வளர்ந்து என் மகள் என்ன செய்ய வேண்டும் என்று அந்த நிலையத்தார்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டில் அதைப் பார்த்துவிட்டு வந்தவள் சாப்பிட மறுத்தாள். அடுத்த மாதம் ஒரு நாளைச் சொல்லியிருக்கிறார்களாம்.

அதெல்லாம் பொய் என்று நானும் சொன்னேன், என் கணவரும் சொன்னார். அவள் அதைக் கேட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. "அன்னிக்கு நீ வேலைக்குப் போகாம என்கூட இருப்பியாம்மா?" என்றாள். எனக்குச் சட்டென்று துவைகல் ஞாபகம் வந்தது.

அவளை அக்காவிடம் கூட்டிக்கொண்டு போனேன். என் மகளுக்கு அக்காதான் பெரியம்மா. பச்சை நிற ஆட்கள் வந்து எல்லோரையும் தூக்கிக்கொண்டு போவார்களாம் என்று பயந்துகொண்டே சொன்னாள். "வரட்டுமே அப்பு" என்றாள் அக்கா. "அம்புட்டுத் தூரத்துல இருந்து வாரவுகளுக்குப் பசிக்கும்ல? என்ன வெஞ்சனம் வைக்கலாம்னு யோசி." என் மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு உருளைக்கிழங்கு என்றாள். அன்றிரவு சாப்பிட்டாள்.

ஆனாலும் அந்த நாள் நெருங்க நெருங்க எனக்குள் குழப்பம் தீரவில்லை. லீவு போட்டால் அந்தப் பொய்க்கு நானே கையெழுத்துப் போட்டதாகிவிடுமோ? போடாவிட்டால் பள்ளிக்கூடத்தில் யார் வீட்டுப் பிள்ளைகளுக்கோ பாடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் பிள்ளை பயந்து உட்கார்ந்திருப்பாளோ? கடைசியில் சொந்த வேலை என்று எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியை தேதியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நீங்களுமா டீச்சர்?" என்றார். சிரித்துக்கொண்டே கையெழுத்தும் போட்டார். எனக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

அந்த நாள் காலையில் நானும் மகளும் கடைக்குப் போய் நீளமான துணிச் சோப்பு ஒன்று வாங்கி வந்தோம். அந்த அளவில் இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, இரண்டு கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது. தையல் நூலை மூன்று புரியாக முறுக்கி ஒரு முனையை அவள் கையில் கொடுத்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். முதல் துண்டு கோணலாக வந்தது. துண்டுகளை மாடிக் கைப்பிடிச் சுவரில் அடுக்கினாள். வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, பெரியம்மாவையும் வரச் சொல்லியிருக்கலாமே என்றாள்.

முந்தின நாளே சொல்லியிருந்தேன். மருத்துவமனையில் அன்றைக்கு நிறையப் பேர் வரமாட்டார்கள், நீ கட்டாயம் வந்துவிட வேண்டும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்களாம்.

"பெரியம்மாவுக்கு லீவு இல்லைடா" என்றேன்.