பக்தி டேக்கில் போன படங்கள்

நகரியிலிருந்து தினமும் ரயிலேறித் திருப்பதிக்கு வேலைக்குப் போகும் தேவசேனாவிடம் என்ன வேலை என்று கேட்டால் அவளுக்கே எரிச்சல் வரும். ஊர்க் குழுக்களும் தெருக் குழுக்களும் படம் போட்டுப் பேசிக்கொள்ளும் ஓர் ஆப்புக்கு டேக் வகுப்பதும், 'இது மனதைப் பாதிக்கலாம்' என்று எச்சரிக்கை எழுதுவதும் அவள் வேலை. ரத்தத்துக்கு ஒரு டேக், சண்டைக்கு ஒன்று, பிணத்துக்கு ஒன்று. படம் போடுகிறவர் பிணம் என்று டேக் போட்டால் அது உடனே வெளியே வராது. யாராவது பார்த்து அனுமதிக்க ஆறு மணி நேரம் ஆகும்.

இந்த ஆறு மணி நேரத்தை வைத்த மகானுபாவர்கள் எவரும் நகரிப் பக்கம் சாவு வீட்டுக்கு வந்ததில்லை. இங்கே ஒருவர் போய்விட்டால் மாலை போட்டு, நெற்றியில் காசு வைத்து, படமெடுத்துக் குழுவில் போடுவதுதான் முதல் காரியம். வெளியூரில் இருப்பவர்கள் கடைசியாக முகம் பார்க்க வேண்டாமா? ஆறு மணி நேரத்தில் பிணத்தை எடுத்தே விடுவார்கள். அதனால் தறிக்காரத் தெரு முழுக்க ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தது. சாவுப் படத்துக்கெல்லாம் 'பக்தி' என்று டேக் போட்டுவிடுவது. பக்திக்குத் தடையில்லை. நகரியில் பக்தி பெருகிவிட்டது என்று மேனேஜர் ஹரிபாபு மீட்டிங்கில் பெருமையடித்தபோது தேவசேனாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மூன்று முறை மெயில் எழுதினாள். மக்கள் பிணத்தைப் பக்தியில் போடுகிறார்கள், 'கடைசி முகம்' என்று தனி டேக் கொடுங்கள், எச்சரிக்கை மட்டும் போதும், நிறுத்தி வைக்காதீர்கள் என்று. பார்க்கலாம் மேடம் என்பார் ஹரிபாபு. பார்த்தபாடில்லை.

போன வைகாசியில் ஒரு நாள் காலை அவள் அப்பா முனிரத்தினம் பவர்லூம் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்; அதோடு உயிர் போய்விட்டது. தம்பி திலீப் குவைத்தில், பாலைவனத்தில் ஒரு கேம்ப்பில் இருந்தான். லீவு கிடைக்கவில்லை. வீடியோ கால் நிற்கவில்லை. சிக்னல் செத்த இடத்திலும் திறப்பது இவள் ஆப் ஒன்றுதான். முகத்தைக் காட்டிவிடு, நான் பார்த்த பிறகு எடுங்கள் என்று அழுதான். சரி என்று வாக்குக் கொடுத்தாள். தெருப் பெரியவர்கள் இரண்டு மணிக்கு எடுப்பதாக முடிவு செய்திருந்தார்கள்.

தேவசேனா படமெடுத்தாள். இத்தனை நாள் திட்டித் தீர்த்த அதே காரியத்தைத் தன் விரலாலேயே செய்தாள். பக்தி. ஒரு நிமிடத்தில் படம் காணாமல் போனது. 'தவறான டேக். நீக்கப்பட்டது.' பிணம் என்று ஒழுங்காகப் போட்டாள். 'பரிசீலனையில் உள்ளது.' அப்போது மணி பதினொன்றரை.

ஹரிபாபுவுக்கு போன் போட்டாள். அவள் வாயெடுப்பதற்குள் அவர் சந்தோஷமாக ஆரம்பித்துவிட்டார். அவள் மெயிலை மேலே அனுப்பினாராம். பக்தியில் பிணம் வந்தால் தானாகவே நீக்குவதற்கு இன்று காலைதான் ஏற்பாடாயிற்றாம். தனி டேக் அடுத்த வருஷம் பார்க்கலாமாம். அவள் விஷயத்தைச் சொன்னதும் பதறிப்போய், அனுமதிக்கிற ஆட்கள் பெங்களூரில் இருக்கிறார்கள், தன் கையில் எதுவுமில்லை என்றார். அவளுக்குக் கோபம் வந்தது. பாதி அவர்மேல், பாதி தன்மேல்.

பெரியவர்களிடம் கெஞ்சி மூன்று மணிவரை நிறுத்தி வைத்தாள். அதற்குமேல் வெயில் விடவில்லை. எடுத்துவிட்டார்கள்.

ஐந்தரைக்குத் திலீப் கூப்பிட்டான்.

"படம் வந்துச்சுக்கா. நைனா தூங்கறாப்பல கீறாரு. எனக்கோசரம் எல்லாரும் காத்துக்கினு கீறாங்க இல்ல, இப்ப எடுக்கச் சொல்லு."

கழுவிவிட்ட கூடம் இன்னும் ஈரம் காயவில்லை.

"சொல்றேன்டா" என்றாள் தேவசேனா.