வயிறு கட்ட வந்தவள்

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். நான் சொல்லப்போவது கட்டுக்கதை இல்லை. இங்கே மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில், பட்டப்பகலில் நடந்தது. மீனலோசனி எனக்கு மச்சாள் முறை. பொய் சொல்லச் சொன்னால்கூட அவளுக்குச் சொல்ல வராது. அவள் வாயால் கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

1994, செப்டம்பர் மாதம். ஊரெல்லாம் புகைமூட்டம், வாரக்கணக்கில் ஒரு பொட்டு மழை இல்லை. மீனலோசனிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். பிள்ளை இல்லை. அவள் ஏறி இறங்காத கோயில் இல்லை, வாங்காத பேச்சும் இல்லை. வயிற்று வலி என்று போனவளுக்கு வலது சினைப்பையில் பெரிய கட்டி என்று ஸ்கேனில் தெரிந்தது. வயிற்றைக் கிழிக்க வேண்டாம், சின்னச் சின்ன ஓட்டை போட்டுக் கேமராவை விட்டே எடுத்துவிடலாம் என்றார் டாக்டர் கனகலிங்கம். அப்போது அது புதுசு. அதிசயமாகப் பேசிக்கொள்வோம்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் அவர் சொன்னார்: "வலது ஓவரி கெட்டுப்போச்சு, எடுத்துட்டேன். இடது பக்கம் அருமையா இருக்கு. என் கண்ணால பார்த்தேன். பிள்ளைக்கு ஒன்னு போதும் லா! ஆறு வாரம் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் வயித்தை அமுக்கறது, கட்டறது எதுவும் கூடாது."

ஒன்பது வருஷத்தில் நம்பிக்கையாக ஒருவர் சொன்ன முதல் வார்த்தை. மீனலோசனி இடது பக்கத்தில் கையை வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

ஆனால் அங்கே மாமியார் இருக்கிறாரே! தங்கரத்தினம் மாமி ஒன்றை நினைத்தால் நினைத்ததுதான்.

"அந்த டாக்டர் ஆம்பிளை, அவருக்கு என்ன தெரியும்? கத்தி பட்ட வயிறு. கட்டாம விட்டா காத்து ஏறிடும். பாரு, இப்பவே எப்படி உப்பிக்கிடக்கு!"

உப்பித்தான் கிடந்தது. ஆபரேஷனுக்காக உள்ளே செலுத்திய காற்று இன்னும் முழுசாக இறங்கவில்லை. தோள்பட்டை வரைக்கும் குத்தியது. நம் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு நீளத் துணியால் வயிற்றை இறுக்கிக் கட்டுவார்கள். பெங்கோங் என்போம், மலாய்க்காரர்களிடம் கற்றுக்கொண்டது. அதைக் கட்டுவதில் மேரு என்ற ஊரிலிருக்கும் வீரம்மாவுக்குக் கைராசி என்று பேர். டாக்ஸி ஓட்டும் கன்னையா மேருக்காரர்தான். வீரம்மாவை வரச்சொல்லி அவரிடம் மாமி சொல்லி அனுப்பினார். மீனலோசனியின் புருஷன் சிவசம்பு வழக்கம்போல் வாயில் கொழுக்கட்டை.

மறுநாள் பிற்பகல் மூன்று பத்து. சிவசம்பு வேலைக்குப் போயிருந்தான். மாமி பிரஷர் மாத்திரை போட்டுவிட்டு ஹாலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பின்கதவு கிரீச்சென்று திறந்தது.

உயரமான ஒரு பொம்பளை அறைக்குள் வந்தாள். கைலி, சட்டை, தோளில் சுருட்டிய துணி.

"வீரம்மா அக்காவா?"

"படும்மா" என்றாள். அவ்வளவுதான்.

வேண்டாம் என்று சொல்ல மீனலோசனி வாயெடுத்தாள். ஆனால் வலி... அதைவிட மாமியிடம் பயம். படுத்துவிட்டாள். வந்தவள் துணியைச் சுற்றினாள். விரல் பட்டதும் மீனலோசனிக்குத் தூக்கிப்போட்டது. ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து எடுத்த மாதிரி அப்படி ஒரு குளிர்ச்சி.

"பிள்ளை எங்க?"

"பிள்ளை இல்லக்கா. ஆபரேஷன்."

அவள் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கட்டி முடித்துப் போய்விட்டாள். பின்கதவு சாத்திய பிறகுதான் மீனலோசனிக்கு ஒன்று உறைத்தது. அந்த வீட்டில் ரயில் சத்தம் ஓயாது. மாமியின் குறட்டையும் ஓயாது. அவள் இருந்த நேரம் முழுக்க இரண்டுமே கேட்கவில்லை. இப்போது கேட்டது.

தரையில் ஈரக் கால்தடம் இருந்தது. மழையே இல்லாத ஊரில்!

மாமி எழுந்து கட்டைப் பார்த்தார். "வந்துட்டாளா? என்னை எழுப்பக்கூடாதா?" என்று கடிந்துகொண்டாலும் பரம சந்தோஷம். வலியும் நிஜமாகவே குறைந்திருந்தது. அதனால்தான் மீனலோசனி வாயை மூடிக்கொண்டாள். பாவி, அன்றைக்கே சத்தம் போட்டிருக்கலாம்!

இரண்டாம் நாளும் அதே நேரம். அதே கிரீச். மாமியின் குறட்டை பாதியில் நின்றது.

வந்தவள் கட்டை அவிழ்த்தாள். வலது பக்கம் கையே வைக்கவில்லை. இடது பக்கத்தையே தடவிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பக்கம்தான் ஒன்னுமில்லயே" என்றாள்.

யார் சொன்னது இவளுக்கு? மாமிக்குக்கூட எந்தப் பக்கம் என்று தெரியாது. ஓவரியை எடுத்ததை மாமியிடம் மறைக்கச் சொல்லிச் சிவசம்புவைக் கேட்டுக்கொண்டதே மீனலோசனிதான்.

"பிள்ளை எங்க?"

"இல்லக்கா... நேத்தே சொன்னேனே."

அவள் சிரித்தாள். சத்தம் வரவில்லை.

மூன்றாம் நாள் கட்டி முடித்தவள் போகாமல் நின்றாள். கூலிக்கு நிற்கிறாள் என்று மீனலோசனி நினைத்தாள். வயிறு கட்டுகிறவளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. யார் வீட்டிலும் அனுப்ப மாட்டார்கள்.

"மாமி எந்திரிச்சதும் காசு குடுப்பாங்கக்கா."

"காசு வேணாம்."

"சேலை வேணுமா? அரிசி?"

அப்படியே நின்றாள். கண் மட்டும் மீனலோசனியின் வயிற்றைவிட்டு நகரவில்லை. மீனலோசனிக்கு உடம்பெல்லாம் அசதி. தூக்கம் கண்ணைச் சுழற்றியது. இவள் தொலைந்தால் போதும் என்றிருந்தது.

"எது வேணுமோ எடுத்துக்கிட்டுப் போங்கக்கா..."

ஐயோ! சொல்லிவிட்டாள்.

வந்தவள் கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். கட்டில் அசையவில்லை. கையைக் கட்டுத் துணிக்கு அடியில் நுழைத்தாள்.

குளிர் தோலில் பட்டது.

பிறகு... தோலுக்கு உள்ளே.

மீனலோசனி கத்தினாள். சத்தம் வரவில்லை.

வலி இல்லை. ஏதோ தேடுகிற மாதிரி...

கிடைத்த மாதிரி.

கிரீச்.

ரயில் ஓடியது.

"கனவு கண்டிருப்பே" என்றார் மாமி. கட்டு இறுக்கமாக இருந்தது. ரத்தம் இல்லை. மீனலோசனியும் கனவென்றே மனதைத் தேற்றிக்கொண்டாள். சாயங்காலம் கன்னையா வாசலில் வந்து நின்றார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. மூணு நாளா வண்டி வொர்க்ஷாப்ல. வீரம்மா வரமாட்டேன்னு அன்னைக்கே சொல்லிட்டாங்க. பிள்ளை பொறக்காத வயித்துக்குக் கட்டுப் போடக் கூடாதாம்."

"அப்ப வந்து கட்டினது யாரு?" என்றார் மாமி.

"எனக்குத் தெரியாதும்மா. ஏன் கட்டக் கூடாதுன்னு வீரம்மாகிட்ட கேட்டேன். கட்டினா பிள்ளையத் தேடிக்கிட்டு வேற ஒருத்தி வந்துடுவாளாம்."

அந்தத் துணியை மாமியே அவிழ்த்துப் பின்னால் கொண்டுபோய் எரித்தார். அதன் பிறகு யாரும் வரவில்லை. மீனலோசனி இடது பக்கத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். தொட்டால் என்ன தெரியும்? ஆறு வாரம் எப்போது முடியும் என்று தவித்தாள்.

முடிந்தது. டாக்டர் ஸ்கேன் பார்த்தார். மறுபடி பார்த்தார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். "குடலுக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கலாம். இன்னொரு தடவை கேமராவை விட்டுப் பார்த்துடுவோம்" என்றார்.

அவள் கண் விழித்தபோது சிவசம்பு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தான். தோள் குலுங்கியது. டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மீனா, நடுவுல வேற எங்கயாவது ஆபரேஷன் செஞ்சுக்கிட்டீங்களா?"

"இல்ல டாக்டர்."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. இடது ஓவரி இல்ல. சுருங்கிப் போகல. யாரோ எடுத்திருக்காங்க."

மீனலோசனியின் கை இடது பக்கத்துக்குப் போனது.

"எடுத்த இடத்துல நூல் கட்டியிருக்கு. நாங்க போடற தையல் இல்ல, சாதாரணப் பருத்தி நூல். கையால போட்ட முடிச்சு. கையே உள்ள போனாத்தான் அப்படி ஒரு முடிச்சு போட முடியும்."

அவர் போர்வையை விலக்கி அவள் வயிற்றை மறுபடி ஒருமுறை பார்த்தார். அவர் போட்ட சின்ன ஓட்டைகள்தான். ஒவ்வொன்றும் விரல் நகம் அளவுகூட இல்லை.

"கை போற அளவுக்கு உங்க உடம்புல வெட்டே இல்லயேம்மா..."