ஒரே குழாயில் இரண்டு லைன்

அவளைப் பற்றி முதன்முதலில் கேட்டபோது பேர்கூட என் காதில் சரியாக விழவில்லை. என் மூத்த நாத்தனார் தன் இளைய மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து, பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் வேலை என்றாள். நர்ஸா என்று கேட்டேன். "இல்லடி, ஒயர் பாக்குறாளாம்" என்றாள். ஒயரைப் பார்க்கவும் ஒரு ஆளா என்று வீடே சிரித்தது. அன்று ஒட்டிக்கொண்ட பேர்தான் ஒயர்காரி. கல்யாணமாகி வந்தபிறகு அவளே அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே எனக்கு விளக்கிச் சொன்னாள். அவர்களுடையது சின்ன ஆஸ்பத்திரி, மூளை டாக்டர் கிடையாது. ஸ்கேன் படத்தைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அங்கே பார்த்துச் சொன்னால்தான் இங்கே ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி, அதுவும் சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்தப் படம் போகிற பாதையைக் காப்பதுதான் இவள் வேலை.

பாதையிலும் பல ஜாதி உண்டாம். பழைய டெலிபோன் செம்புக் கம்பி, வாய்க்கால் ஓரமாகக் கம்பம் கம்பமாக வரும், வேகத்தில் நத்தை. பூமிக்குள் கண்ணாடி இழை, முடி அளவு மெல்லிசு, உள்ளே வெளிச்சம் ஓடும். கண் இமைப்பதற்குள் படம் போய்விடும். மொட்டைமாடியில் தட்டு வைத்துக் காற்றில் அனுப்பலாம், அடைமழைக்கு மட்டும் மக்கர் பண்ணும். வானத்துச் சாட்டிலைட்டுக்குப் போய்த் திரும்புவதும் ஒன்று இருக்கிறது, அது யானைக்குத் தீனி போடுகிற செலவு.

ஒன்று போனால் ஒன்று இருக்க வேண்டும் என்பதற்காகக் கண்ணாடி ஒன்றும் செம்பு ஒன்றும் வைத்திருந்தார்கள். செம்பு இழுவை என்று டாக்டர்கள் முணுமுணுத்தார்கள். இவள் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, செம்பை எடுத்துவிட்டு இன்னொரு கம்பெனியில் இரண்டாவது கண்ணாடி லைன் வாங்கினாள். அந்தக் கம்பெனியிலிருந்து வந்தவனிடம் கேட்கவும் செய்தாள், இருக்கிற லைனும் உங்க லைனும் வேற வேறதானே என்று. வேற வேறதான் மேடம் என்றான். இவள் கேட்டது பாதையை. அவன் சொன்னது கம்பெனியை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

பிறகு ரோட்டை அகலப்படுத்த வந்த இயந்திரம் பாலத்தடியில் ஒரு குழாயை அறுத்தது. இரண்டு லைனும் அந்த ஒரே குழாயில் இருந்தன. செல்போன் கோபுரத்துக்குப் போகிற லைனும் அதிலேதான், அதனால் போனும் ஊமை. அந்த நேரம் பார்த்து, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒருவரை வாய் ஒருபக்கம் கோணிப்போன நிலையில் கொண்டுவந்தார்கள். படம் எடுத்தாயிற்று, அனுப்ப வழியில்லை. ஆளையும் படத்தையும் ஆம்புலன்ஸில் ஏற்றிப் பட்டணத்துக்கு அனுப்பினார்கள். போய்ச் சேர்வதற்குள் ஊசிக்கான நேரம் தாண்டிவிட்டது. உயிர் தப்பியது. பேச்சும் வலது கையும் போயின.

குழி தோண்டியவன் தப்பு என்று சொல்லிவிடலாம் என்றார் ஆஸ்பத்திரி மேனேஜர். அதுவும் உண்மைதானே. நாத்தனார் மகனும், வாயைத் திறந்தா வேலை போயிடும் என்று அவளைக் கெஞ்சினான். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. மறுநாள் என்னைக் கூப்பிட்டாள். "கூட வா அத்தை. நீ எதுவும் பேச வேணாம்."

பட்டணத்து ஆஸ்பத்திரியில் டிரைவரின் மனைவி அவர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவள் உட்காரவில்லை.

"ரெண்டு லைன் இருக்குன்னு வாங்கினது நான்தாம்மா. ரெண்டும் ஒரே குழாயில போகுதான்னு நான் நடந்து பார்க்கல. செம்புக் கம்பிய விட்டு வச்சிருந்தாக்கூட, மெதுவாவாவது படம் போயிருக்கும்."

அந்தப் பெண் கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள்.

"நீ சொல்லாம இருந்திருந்தா விதின்னு நினைச்சுக்கிட்டு இருந்திருப்பேன். இப்ப தினமும் உன்னைத்தானே நினைக்கணும்?"

திரும்பி வருகிற வழியெல்லாம் என் கையைப் பிடித்திருந்தாள்.

மேனேஜரிடமும் அவளே போய்ச் சொன்னாள். அவர் கத்தினார்; வேறு ஆள் கிடைக்காததால் வேலையைவிட்டுத் தூக்கவில்லை. இப்போது இரண்டாவது பாதை மாடித் தட்டுதான். மழைக்கு மங்கினாலும் மண்வெட்டிக்கு எட்டாது. கண்ணாடி லைன் போகிற வழி முழுக்க அவளே நடந்து பார்க்கிறாள். பட்டணத்துக்கு இரண்டு பஸ் இருக்கிறது என்று யாராவது சொன்னால், ரெண்டும் ஒரே பாலத்துலயா போகுது என்று கேட்பாள். நாங்கள் சிரிப்போம். அவள் சிரிக்க மாட்டாள்.

டிரைவர் பேச்சுப் பயிற்சிக்கு இவள் ஆஸ்பத்திரிக்குத்தான் வருகிறார். அவர் மனைவி இவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை, பேசுவதும் இல்லை.

ஒயர்காரி அதே ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்க்கிறாள், கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்து அறையில்.