மாப்பிள்ளையின் நகங்கள்

சின்னவளுக்கு நரம்பு பிடிப்பதில் நல்ல கைராசி. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. பச்சைக் குழந்தையானாலும் சரி, தோல் தொங்கிப்போன கிழவரானாலும் சரி, ஒரே குத்துதான். மற்றவர்கள் இரண்டு மூன்று இடத்தில் குத்திப் பார்த்துத் தோற்றுப்போய் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டிலே அந்தக் கைராசிக்கு இருந்த ஒரே வேலை, முயலுக்கு நகம் வெட்டுவது.

முயலை லேபில் கூட வேலை பார்த்தவள் வீடு மாற்றிப் போகும்போது தலையில் கட்டிவிட்டுப் போனாள். ஒரு வாரம் வைத்திரு என்றாள், அதோடு சரி. தின்பதும் தூங்குவதும் தவிர ஒரு துரும்பைக் கிள்ளிப் போடாத அதன் தோரணையைப் பார்த்துக் கீழ்வீட்டுக்காரி 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தாள். விஷயம் தெரிந்திருந்தால் அந்தப் பெயரை அந்த வீட்டில் வாயில் எடுத்திருக்க மாட்டாள், பாவம்.

விஷயம் இதுதான். பல வருஷத்துக்கு முன்பு, அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் சின்னவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். வீட்டுக்கு வந்து பேசிவிட்டும் போனார். பிறகு ஏனோ ஒதுங்கினார், வேறு ஊருக்குப் போனார், கல்யாணமும் செய்துகொண்டார். தலையெழுத்து என்று சின்னவளும் விட்டுவிட்டாள். போன வருஷம் அவர் தன் மகனுக்கு ரத்தப் பரிசோதனை என்று லேபுக்கு வந்தார். நல்ல மனுஷர், அக்கறையாகக் கேட்டார்: "இப்ப வலிப்பு எல்லாம் வர்றதில்லையே?"

வலிப்பா? அவளுக்கா? மூன்று வயதில் காய்ச்சல் முற்றி ஒரே ஒரு முறை வெட்டியிழுத்தது. அது அந்த வீட்டைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவர் பெண் கேட்டு வந்த சமயத்தில் வீட்டில் இருந்தது அக்கா ஒருத்திதான்.

பெரியவள் வீட்டிலேயே மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிறவள். சின்னவள் வந்து கேட்டபோது மெஷினை நிறுத்தக்கூட இல்லை. "பொய்யா சொன்னேன்? வந்தது வந்ததுதானே" என்றாள். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சின்னவள் அழுது தீர்த்துவிட்டுத் தட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருப்பாள். அந்தக் கல்லுளிமங்கி வாயிலிருந்து அது வரவில்லை. அன்றைக்கு நின்றது பேச்சு.

பேச்சு நின்றதே தவிர, குடித்தனம் நடக்க வேண்டாமா? அதற்குத்தான் மாப்பிள்ளை அகப்பட்டான். "மாப்பிள்ளே, கேஸ் தீரப்போகுதுன்னு சொல்லு" என்பாள் பெரியவள், இரண்டடி தள்ளி நிற்கும் தங்கையைப் பார்க்காமல். "சொல்லியாச்சுன்னு சொல்லு" என்பாள் சின்னவள். முயல் காதைச் சொறிந்துகொண்டிருக்கும். இரண்டு பேருக்கும் அப்படி ஒரு வீம்பு!

நகம் வெட்டும் நாளில் மட்டும் இந்தக் கூத்து செல்லாது. அதற்கு நாலு கை வேண்டும். பெரியவள் தரையில் உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்து, முயலை நெஞ்சோடு அணைத்து, பின்னங்கால்களுக்கு அடியில் ஒரு கையைத் தாங்கலாகக் கொடுப்பாள். கால் ஊன்ற இடமில்லாமல் எகிறி உதைத்தால் முயல் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். மல்லாத்திப் போட்டால் அசையாமல் கிடக்குமே என்று ஒரு முறை பெரியவள் புரட்டப் போனாள். அது சுகத்தில் கிடப்பதில்லை, பயத்தில் விறைத்துப் போவது என்று சின்னவள்தான் தடுத்தாள். வெள்ளை நகத்தில் உள்ளே ஓடும் இளஞ்சிவப்பு நரம்பு வெளியே தெரியும், அதற்கு முன்னாலேயே வெட்டிவிடலாம். கறுப்பு நகத்துக்குப் பின்னாலிருந்து போன் டார்ச்சைப் பிடித்தால்தான் நரம்பு நிற்கும் இடம் நிழலாகத் தெரியும். தப்பித் தவறி ரத்தம் வந்தால் வைத்து அழுத்தப் பக்கத்தில் ஒரு கிண்ணம் சோளமாவு. சின்னவள் கைக்கு அந்த மாவு ஒரு நாளும் தேவைப்படவில்லை.

"பிடி." "பிடிச்சிருக்கேன்." "அடுத்த கால்." "மெதுவா." இவ்வளவுதான் பேச்சு. ஆனால் நேருக்கு நேர் பேச்சு. முட்டியும் முட்டியும் இடிக்க உட்கார்ந்திருக்கும்போது, இன்றைக்குத் தப்பு என்று சொல்லிவிடுவாள், இன்றைக்குச் சொல்லிவிடுவாள் என்று சின்னவள் காத்திருப்பாள். சொல்ல மாட்டாள். சின்னவள் ஒரு திருட்டு வேலை செய்தாள். ஒவ்வொரு நகத்திலும் நுனியை மட்டும் கிள்ளிவிட்டு, பத்திரத்துக்கு என்று முயலிடம் சொன்னாள். நகம் சீக்கிரம் வளர்ந்தால் அந்த நாளும் சீக்கிரம் வரும் அல்லவா! டைல்ஸ் தரையில் டக் டக்கென்று சத்தம் கேட்க ஆரம்பித்தால் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

அப்படிச் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்த ஒரு நாள் லேபுக்கு ஒரு வயதான அம்மாள் தனியாக வந்தார். ஊசி என்றால் பயம், யாராவது இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டால் தேவலை என்றார். வீட்டில் யாரும் இல்லையா என்று சின்னவள் கேட்டாள். தங்கை இருக்கிறாள், அடுத்த தெருதான், பேச்சு வார்த்தை இல்லை என்றார் அந்த அம்மாள். காரணம் கேட்டதற்கு யோசித்து யோசித்துப் பார்த்து, சரியாக ஞாபகமில்லை என்றார்.

போதும் இந்த வீம்பு என்று சின்னவளுக்குத் தோன்றிவிட்டது. அவள் மன்னிப்புக் கேட்காவிட்டால் போகட்டும், நானே 'அக்கா' என்று கூப்பிட்டுவிடுகிறேன், முயலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது எழுந்து போகவும் முடியாதே. கூராக ஒரு புது நகவெட்டி வாங்கிக்கொண்டு, வாய்க்குள் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தபடியே வந்தாள்.

கதவைத் திறந்ததும் மாப்பிள்ளை ஓடி வந்தது. சத்தம் இல்லை.

சின்னவள் குனிந்து அதன் காலைத் தூக்கிப் பார்த்தாள். வெட்டியிருந்தது. இன்னொரு காலையும் பார்த்தாள். ஒன்றாவது மிச்சம் இருக்காதா என்று தேடினாள். எல்லாமே ஒட்ட வெட்டியிருந்தது. ஒரு கறுப்பு நகத்தில் மட்டும் மாவும் ரத்தமும் சேர்ந்து காய்ந்து கிடந்தது. மெஷின் பக்கத்தில், சீருடைத் துணியிலேயே முயல் அளவுக்குப் பை மாதிரி ஒன்று தைத்துக் கிடந்தது. கால் ஒவ்வொன்றாக வெளியே எடுக்க நாலு ஓட்டை, ஓரமெல்லாம் மடித்துத் தைத்திருந்தது.

"அக்கா" என்றாள் சின்னவள்.

பெரியவள் நிமிர்ந்தாள். முயலைப் பார்க்கவில்லை, தங்கையைத்தான் பார்த்தாள். பெரியவளின் கண் கலங்கியிருந்தது.

"ஒரு நகத்துல ரத்தம் வந்துடுச்சு. மாவு வெச்சேன், நின்னுடுச்சு. என்னைப் பிடிக்காம நீ என் எதிர்ல வந்து உட்கார்ந்து பல்லைக் கடிச்சிக்கிட்டிருந்ததெல்லாம் போதும். நானே பழகிட்டேன். இனிமே உனக்கு அந்தக் கஷ்டம் வேணாம்."

சொல்லிவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். அவளால் கேட்க முடிந்த மன்னிப்பு அதுதான் போலிருக்கிறது.

சின்னவள் சொல்ல வந்த மிச்சத்தை விழுங்கினாள். நகவெட்டியைக் கைப்பையிலேயே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து முயலை மடியில் எடுத்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளே" என்றாள், "ரொம்ப நல்லதுன்னு சொல்லிடு."