பெருவிரல் நகமும் பின்வரிசை நெற்றியும்

என் வலது கால் பெருவிரல் நகம் மஞ்சளித்துத் தடித்தபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஓரத்தில் மாவாக உதிர ஆரம்பித்தது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவினேன். நகம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

வலி இல்லாததால் அப்படியே விட்டிருப்பேன். ஆனால் பள்ளிவாசலில் தலையைத் தரையில் வைத்து சுஜூது செய்யும்போது, பின்வரிசைக்காரரின் நெற்றி நம் காலுக்குச் சற்றுப் பின்னால்தான் தரையைத் தொடும். அந்த நகத்துக்குப் பக்கத்தில் ஒருவர் நெற்றி வைப்பதா என்று எனக்குக் கூசியது. சாக்ஸ் போட்டு நின்று பார்த்தேன், நாறியது. கடைசி வரிசைக்குப் போனேன். தாமதமாக வந்தவர்கள் எனக்குப் பின்னாலும் ஒரு வரிசை கட்டினார்கள். நேரத்துக்கு வரத் தெரியாதா இவர்களுக்கு என்று மனதுக்குள் திட்டினேன். கடைசியில் என் சிமெண்ட் கடைக்குள்ளேயே பாய் விரித்துத் தனியாகத் தொழ ஆரம்பித்தேன். ஜமாஅத்தோடு நிற்க முடியாத துக்கம் சாப்பாட்டில்கூடத் தெரிந்தது.

தங்கையைக் கட்டிய மச்சான் ஒருநாள் கடைக்கு வந்தான். இருவரும் சிறு வயதிலிருந்து ஒரே வரிசையில் நின்றவர்கள்.

"என் மேல எதுவும் கோவமா மச்சான்? பள்ளிவாசல் பக்கமே ஆளக் காணோம்."

ஷூவைக் கழற்றிக் காட்டினேன். குனிந்து பார்த்தவன், "இதுக்கா? கெளம்பு, பெரம்பலூர் போவோம்" என்றான்.

தோல் டாக்டரம்மா நகத்தைச் சுரண்டி லேபுக்கு அனுப்பினார். பூஞ்சை என்று உறுதியானது.

"கால் கழுவுனா தொடைப்பீங்களா?"

"தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செஞ்ச தண்ணிங்க டாக்டர். தொடைச்சா நன்மை போயிரும்னு, தானா காய வுட்ருவோம்."

"தானா காயணும்னா வெறுங்காலோட இருக்கணுங்க. நீங்க ஈரத்தோட ஷூவுக்குள்ள வெச்சுப் பூட்டுறீங்களே?"

வெட்கமாகிவிட்டது. கல்ஃபில் இருந்த காலம் முழுக்க ஐந்து வேளையும் இதைத்தான் செய்திருக்கிறேன். ஊருக்கு வந்தும் ஷூவை விடவில்லை.

கல்லீரல் தாங்குமா என்று ரத்தம் பரிசோதித்துவிட்டுத்தான் மாத்திரை கொடுத்தார். கெட்ட நகம் நல்லதாக மாறாது, புதிது வளர்ந்து பழையதைத் தள்ள வேண்டும், பெருவிரலுக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம் என்றார். ஆகட்டும், நானா அதுவா பார்த்துவிடுகிறேன் என்று முடிவு செய்தேன். எனக்கென்று தனி நகவெட்டி, தனித் துண்டு. விரல் இடுக்கு வரை துடைத்தேன். கடையில் திறந்த செருப்புக்கு மாறினேன். அரியலூரிலிருந்து லோடு வரும் நாளில் மட்டும் ஷூ, அதுவும் முந்தின நாளே வெயிலில் காய்ந்தது. அடியில் மெல்லிய கோடாகப் புது நகம் தெரிந்தபோது, மாத்திரையை நிறுத்திவிடலாமா என்ற சபலம் வந்தது. நிறுத்தவில்லை.

நகம் முழுசாக வந்த பிறகுதான் பள்ளிவாசல் என்றும் வைராக்கியமாக இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மச்சான் கடை வாசலில் வந்து நின்றான்.

"நகம் வளர்ற வரைக்கும் அல்லாஹ்வக் காக்க வெக்கப் போறியா?"

"பின்னாடி நிக்கிறவங்களுக்கு அருவருப்பா இருக்கும்டா."

அவன் ஷட்டரை இறக்கி, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். பள்ளிவாசலில் வழக்கம்போல என் பக்கத்தில் நிற்கவில்லை. என்னை முன்வரிசையில் தள்ளிவிட்டு, எனக்கு நேர் பின்னால் போய் நின்றுகொண்டான்.