ஐம்பத்தெட்டு மார்க்

எங்க வீட்ல பத்தாவது வரைக்கும் படிச்சவன் நான் ஒருத்தன்தான். அந்தத் திமிர்ல, ஆஸ்பத்திரி வாசல்ல நின்னே என் பொண்டாட்டியோட கிட்னி டெஸ்ட் ரிப்போர்ட்டைப் படிச்சு முடிச்சிட்டேன். ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னு ரொம்ப நாளா சொல்லி எடுத்த டெஸ்ட். கிரியேட்டினின் 1.2. பக்கத்துல 0.7ல இருந்து 1.3 வரைக்கும் நார்மல்னு போட்டிருந்துச்சு. அதுக்குக் கீழே, கிட்னி எவ்வளவு வடிகட்டுதுன்னு ஒரு நம்பர், 58. முப்பத்தஞ்சு எடுத்தாலே பாஸாச்சே! "ஒண்ணுமில்ல, வா வீட்டுக்குப் போலாம்"னேன். அவதான், வந்தது வந்தோம், டாக்டரம்மாகிட்ட காட்டிட்டே போலாம்னு நின்னா.

டாக்டரம்மா பேனாவால ஒரு வரி கீழே தட்டினாங்க. நான் படிச்சது ஆம்பளைங்களுக்கான வரி. பொம்பளைங்களுக்கு 1.1 தாண்டக் கூடாதாம். அந்த 58ங்கிறதும் மார்க் இல்ல, நாப்பத்திரண்டு வயசுக்கு தொண்ணூறு பக்கம் இருக்கணுமாம். "ஒரு டெஸ்டை வச்சு கிட்னி கெட்டுப்போச்சுன்னு சொல்ல மாட்டேன். மூணு மாசம் கழிச்சும் இப்படியே இருந்தாதான் வியாதி"ன்னாங்க.

"ஏம்மா, தண்ணி எவ்ளோ குடிக்கிற?"

நான் முந்திக்கிட்டேன். "வேலை செய்யற இடத்துலயே குடத்துல வச்சிருக்கோம் மேடம், இவ தொடறதே இல்ல. சோம்பேறித்தனம்."

"குடிச்சா எங்க போறது?" அவ என்னைப் பார்க்காம டாக்டரம்மாகிட்டயே கேட்டா. "விடிகாலைல உப்பளத்துல இறங்கினா கரையேற பதினோரு மணி ஆவுது. ஒரு மறைவு கிடையாது. சுத்தி ஆம்பளைங்க. நாங்க யாருமே குடிக்கிறதில்லைங்க."

பத்தொன்பது வருஷமா ஒரே பாத்தியில நான் உப்பு வார்றேன், அவ கூடையில சுமக்கிறா. எனக்கு அவசரம்னா வரப்போரமா திரும்பி நின்னா முடிஞ்சுது. அவளுக்கு என்ன வழின்னு ஒரு நாள் கூடத் தோணல. பஸ்ல வர்றப்போ அவ முகத்தைப் பார்க்க வெக்கமா இருந்துச்சு.

மறுநாள் உப்பளத்து ஓரமா நாலு சவுக்குக் கம்பு நட்டு, பழைய தார்ப்பாயைச் சுத்திக் கட்டினேன். "ஏம்பா, உப்பு வார வந்தியா, வூடு கட்ட வந்தியா?"ன்னு மேஸ்திரி கேலி பண்ணான். அவ ஒரு சொம்பு தண்ணியை முழுசா குடிச்சா. அதைப் பார்த்துட்டு மத்த பொம்பளைங்களும் ஒவ்வொருத்தியா குடத்துக்கிட்ட வந்தாங்க. பத்து மணிக்கெல்லாம் குடம் காலி.

மூணு மாசம் இன்னும் முடியல, என் பயமும் போகல. ஆனா அன்னிக்கு அந்தத் தார்ப்பாய்க்கு முன்னால பன்னெண்டு பேர் வரிசையில நின்னாங்க. அதுல டெஸ்ட் எடுத்தவ இவ ஒருத்திதான்.